க்யூடெக்ஸ் போட்டுக்கோங்க... நகத்தையும் கொஞ்சம் பாருங்க!

நெயில் பாலிஷ் விஷயத்துல நம்மூர்ல ரெண்டு கோஷ்டி உண்டு.

முதல் கோஷ்டி எதிர்க்கட்சி. "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்", "எல்லாம் கெமிக்கல்", "கையால பிசைஞ்சு சாப்பிடறவங்களுக்கு இது எதுக்கு", "நகம் மூச்சு விட முடியாம செத்துப் போயிடும்" - இப்படி வரிசையா எடுத்து விடுவாங்க. ரெண்டாவது கோஷ்டி ஆளுங்கட்சி. சேலைக்கு ஒண்ணு, சுடிதாருக்கு ஒண்ணுன்னு பாட்டில் அடுக்கி வச்சிருக்கறவங்களும், அதை அவங்களுக்கு விக்கிறவங்களும். "வைட்டமின் சேர்த்தது, நகத்துக்கு ஊட்டம்"னு லேபிள்ல போட்டிருந்தா இவங்க நம்பி வாங்கிடுவாங்க.

இந்த ரெண்டு பேரும் வருஷக்கணக்கா சண்டை போடறது பாலிஷைப் பத்தித்தான். அதுக்கு அடியில இருக்கற நகத்தைப் பத்தி ரெண்டு பேருமே பேசறதில்ல. நான் மூணாவது கட்சி. பாலிஷ் தாராளமா போட்டுக்கோங்க. ஆனா மாசத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சுத்தமா எடுத்துட்டு, வெறும் நகத்தை நல்ல வெளிச்சத்துல ஒரு நிமிஷம் பாருங்க. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

வெள்ளைக்காரன் பழக்கமா?

முதல்ல எதிர்க்கட்சிக்குப் பதில். நகத்துக்கு நிறம் ஏத்தறது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதே இல்லைங்க. எகிப்துல பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மம்மிகளோட நகத்துல மருதாணிச் சாயம் இருந்திருக்கு. நம்ம வீட்டுலயே ஆடி மாசம் வந்தா மருதாணி அரைச்சு, விரல் நுனி முழுக்கத் தொப்பி போட்டு விட்டுட்டு, ராத்திரி பூரா கையை அசைக்காம தூங்கச் சொல்ற வழக்கம் உண்டே... அது என்னவாம்? காலுக்கு அலத்தகம், அதாவது செம்பஞ்சுக் குழம்பு, தீட்டிக்கிட்ட சேதி சிலப்பதிகாரத்துலயே இருக்கு.

கொரியாவுல இதே வேலையை ஒரு பூ செய்யுது. நம்மூர் காசித்தும்பைதான்! கோடை காலத்துல அந்தப் பூவையும் இலையையும் படிகாரத்தோட சேர்த்து இடிச்சு, நகத்துல வச்சு, சுத்திக் கட்டிட்டுத் தூங்குவாங்க. முதல் பனி விழற வரைக்கும் நகத்துல அந்த நிறம் தங்கியிருந்தா முதல் காதல் கைகூடும்னு அங்க ஒரு நம்பிக்கை. (அதுக்காகவே நகத்தை வெட்டாம வச்சிருந்த பொண்ணுங்க எத்தனை பேரோ :-)) மருதாணியில சிவப்பு தர்ற லாசோன்ங்கற பொருள் இந்தக் காசித்தும்பையிலயும் இருக்கு. எங்கயோ இருக்கற கொரியப் பாட்டியும் நம்ம பாட்டியும் வேற வேற செடியில ஒரே சாயத்தைப் பிடிச்சிருக்காங்க பாருங்க!

சீனாவுல கதையே வேற. அங்க நீளமான நகம்னா "நான் கையால ஒரு வேலையும் செய்யறதில்லை"ன்னு அர்த்தம். சீனாவைக் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் ஆட்டிப் படைச்ச ராஜமாதா ட்சி ஷியோட 1903-04 வருஷத்து ஃபோட்டோக்களைப் பாருங்க. விரல்ல நகத்தைப் பாதுகாக்க நீளநீளமா உறை மாட்டியிருப்பாங்க. அந்த உறையோட ஒரு பாத்திரம் கழுவ முடியுமா? முடியாதுங்கறதுதான் அதோட பெருமையே.

நம்மூர்லயும் ஒருத்தர் இருந்தாரு, வேற காரணத்துக்காக. புனேக்காரர் ஸ்ரீதர் சில்லால். பள்ளிக்கூடத்துல வாத்தியாரோட நீள நகத்தைத் தெரியாம உடைச்சதுக்குத் திட்டு வாங்கிட்டு, அந்த வீம்புல 1952-ல இடது கை நகத்தை வளர்க்க ஆரம்பிச்சவர். 2018-லதான் நியூயார்க்ல வச்சு வெட்டினாரு. அஞ்சு நகமும் சேர்த்து 9 மீட்டருக்கு மேல, கட்டைவிரல் நகம் மட்டுமே 197.8 சென்டிமீட்டர். கின்னஸ்ல இடம் கிடைச்சுது, ஆனா அந்தக் கையை விரிக்கவோ மடக்கவோ முடியாமப் போச்சு. 66 வருஷம் உலகமே அவரோட நகத்தைத்தான் பார்த்துது, கையைப் பார்க்கலை.

நாட்டு வெடிச் சரக்கு, கார் பெயிண்ட், அப்புறம் நகம்

இப்ப நாம பாட்டில்ல வாங்கற சரக்குக்கு வருவோம்.

"பாலிஷ்"னு ஏன் பேரு? ஷூ பாலிஷ் மாதிரிதான். 1900-த்தை ஒட்டின காலத்துல அமெரிக்கா, ஐரோப்பாவுல நகத்துக்குப் பூசறதெல்லாம் அவ்வளவா கிடையாது. ஏதாவது பொடியையோ பசையையோ வச்சு, மெத்துனு இருக்கற தோல்ல தேய்தேய்னு தேய்ச்சு நகத்தைப் பளபளன்னு ஆக்குவாங்க. அந்தத் தேய்ப்புக்கு வந்த பேரு, பிற்பாடு பூச்சுக்கும் ஒட்டிக்கிச்சு.

1911-ல நார்தம் வாரன்ங்கற அமெரிக்கர், நகத்தோட அடி ஓரத்துல இருக்கற தோலைக் கத்தரிக்கோல் இல்லாம மிருதுவாக்கி எடுக்க ஒரு திரவம் கொண்டு வந்தாரு. அதுதான் க்யூடெக்ஸ். அப்புறம் அதே பேர்ல நகப்பூச்சும் வந்துது. தமிழ்நாட்டுலயும் சரி, இலங்கையிலயும் சரி, எந்தக் கம்பெனி பாட்டிலா இருந்தாலும் நம்ம அக்காமார்களுக்கு அது "க்யூடெக்ஸ்"தான். எந்த கம்பெனி நகல் மெஷினா இருந்தாலும் "ஜெராக்ஸ்" ஆனா மாதிரி.

ஆனா பூச்சு நல்லா கெட்டியா, சீக்கிரம் காயற மாதிரி ஆனது எப்படின்னா, அது ஒரு வெடி விவகாரம். 1846-ல ஷோன்பைன்ங்கற வேதியியல் பேராசிரியர், சாதாரணப் பஞ்சை அமிலத்துல நனைச்சு எடுத்தா அது வெடிமருந்தாகுதுன்னு உலகத்துக்கு அறிவிச்சாரு. வெடிப்பஞ்சு. அந்த நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம்தான் பின்னாடி புகையில்லாத துப்பாக்கி மருந்தாச்சு, பழைய சினிமா ஃபிலிமாச்சு (அதனாலதான் அந்தக் காலத்து ஃபிலிம் பெட்டிங்க குபீர்னு எரிஞ்சுது), 1920-கள்ல டூ பாண்ட் கம்பெனியோட "டூகோ" கார் பெயிண்டாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு காருக்குப் பெயிண்ட் அடிச்சுக் காயவச்சு முடிக்க வாரக்கணக்கா ஆகும். இது வந்தப்புறம் மணிக்கணக்குல முடிஞ்சுது. கார்ல காயறது நகத்துல காயாதா? அதே வகைச் சரக்கு நகத்துக்கும் வந்துது. இன்னைக்கும் சாதாரண நெயில் பாலிஷ்ல படலத்தை உண்டாக்கறது நைட்ரோசெல்லுலோஸ்தான். அடுப்புக்குப் பக்கத்துல பாட்டிலை வைக்காதீங்கன்னு லேபிள்ல எழுதியிருக்கறது சும்மா இல்லை.

1932-ல சார்லஸ் ரெவ்சன், அவர் சகோதரர் ஜோசப், வேதியியல் தெரிஞ்ச சார்லஸ் லாக்மன் மூணு பேரும் சேர்ந்து ரெவ்லான் ஆரம்பிச்சாங்க. (ரெவ்சன்ல "ச" போய் "லா" வந்தது லாக்மனுக்காக.) அமெரிக்காவே வேலையில்லாம வரிசையில நின்ன காலம் அது. அது வரைக்கும் இருந்த பூச்செல்லாம் கண்ணாடி மாதிரி, சாயத் தண்ணி போட்ட மாதிரி இருக்கும். இவங்க நிறமிப் பொடியைக் கலந்து அடியில எதுவுமே தெரியாத அளவுக்கு அடர்த்தியா கொடுத்தாங்க. அடியில எதுவும் தெரியாது... இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

நம்ம நாட்டுக் கதையும் ஒரு வரி. பெண்கள் வெளிநாட்டு அலங்காரப் பொருள் வாங்கறதுல அந்நியச் செலாவணி போகுதேங்கற கவலையில, நேரு சொல்லி டாட்டா குழுமம் 1952-ல ஆரம்பிச்சதுதான் லாக்மே. லட்சுமியோட பிரெஞ்சு உச்சரிப்பு, அந்தப் பேர்ல ஒரு பிரெஞ்சு இசை நாடகமே உண்டு. ஆக, "தேசத்துக்கு விரோதமான பழக்கம்"னு சொல்றவங்களுக்கு நேரு பேரையும் டாட்டா பேரையும் சொல்லி வாயை அடைச்சுடலாம் :-)

நகம் மூச்சு விடுமா?

விடாது. நமக்கு வெளியில தெரியற நகம் முழுக்க உயிரில்லாதது. முடி, மாட்டுக் கொம்பு, குதிரைக் குளம்பு எல்லாத்துலயும் இருக்கற அதே கெரட்டின் புரதம். செத்ததை எப்படிச் சாகடிக்க முடியும்? உயிர் இருக்கறது உள்ள, தோலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டிருக்கற நகவேர்ல. அதுக்கு வேண்டிய ஆக்சிஜன் ரத்தத்துல இருந்து வருது, காத்துல இருந்து இல்லை. கட்டைவிரல் நகத்தோட அடியில வெள்ளையா ஒரு பிறை தெரியுதே, அது அந்த வேரோட எட்டிப் பார்க்கற நுனி.

இதே காரணத்தால ஆளுங்கட்சியோட "ஊட்டச்சத்து பாலிஷ்" கதையும் அவுட். செத்த பொருளுக்கு மேல வைட்டமின் தடவினா, கம்பத்துக்கு உரம் போட்ட மாதிரிதான்.

பாலிஷ் நகத்தைக் கொல்லாதே தவிர, ஒண்ணுமே செய்யாதுன்னும் சொல்ல மாட்டேன். அடர் சிவப்பு போட்டுக்கிட்டே இருந்தா நகம் மஞ்சளாகும். எடுக்காம வாரக்கணக்கா வச்சிருந்தா மேல வெள்ளை வெள்ளையா பொரிஞ்சு வரும். அசிட்டோன் நகத்தை வறட்டும். அந்த அடி ஓரத்துத் தோலை அழகுக்காக வெட்டறது எல்லாத்தையும் விட மோசம். அது நகத்துக்கும் சதைக்கும் நடுவுல தண்ணியும் கிருமியும் போகாம இருக்க இயற்கை வச்ச அடைப்பு. அதை வெட்டிட்டு, அப்புறம் நகச்சுத்தி வந்து, எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரலைச் செருகிக்கிட்டு உக்காரணுமா?

ஜெல் பாலிஷ் கொஞ்சம் பெரிய விஷயம். புற ஊதா விளக்குல வச்சுக் காய வைப்பாங்களே, அது. அது முழுசா காயறதுக்கு முன்னாடி தோல்ல பட்டா, அதுல இருக்கற அக்ரிலேட் வகைப் பொருளுக்கு சிலருக்கு அலர்ஜி வந்துடும். வந்தா ஆயுசுக்கும் இருக்கும், பின்னாடி பல் அடைக்கற சிமெண்ட் வரைக்கும் ஒத்துக்காமப் போகலாம். வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கறவங்களை விட, தினம் பத்து பேருக்குப் போட்டு விடற பார்லர் பொண்ணுக்குத்தான் இதுல ஆபத்து அதிகம். ஜெல் காயறதுக்கு உதவற டிபிஓங்கற பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1-ல இருந்து தடை பண்ணிடுச்சு. ஜன்னலே இல்லாத ஏசி ரூம்ல வேலை பார்க்கற பொண்ணுக்கு கையுறை இருக்கா, காத்துப் போக வழி இருக்கான்னு ஷேட் கார்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு கண்ணு பாருங்க.

நகம் ஒரு டைரி

இப்பத்தான் மெயின் மேட்டர்.

கை நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியில இருந்து நுனிக்கு வந்து சேர ஆறு மாசம். கால் நகம் சோம்பேறி, பெருவிரல் நகம் முழுசா மாற ஒரு வருஷத்துல இருந்து ஒன்றரை வருஷம் ஆகும். மருதாணி போட்டவங்களுக்கு இது நல்லாத் தெரியும். உள்ளங்கையில ரெண்டு வாரத்துல மறைஞ்சுடும், நகத்துல மட்டும் பிறை பிறையா நுனியை நோக்கி ஏறிக்கிட்டே போகும்.

வில்லியம் பீன்னு ஒரு அமெரிக்க டாக்டர். தன்னோட கட்டைவிரல் நகத்துல மாசாமாசம் ஒரு கோடு கீறி, அது எவ்வளவு நகருதுன்னு 35 வருஷம் அளந்தாரு. 32 வயசுல ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர், 67 வயசுல 0.095. வயசாக ஆக நகமும் நிதானமாயிடுது. 1980-ல இதைக் கட்டுரையா போட்டாரு. அவர் காலமாகி ரொம்ப வருஷம் கழிச்சு, 2025-ல, சிரிக்க வச்சு சிந்திக்க வைக்கற இக் நோபல் பரிசை இதுக்காகக் கொடுத்தாங்க.

சிரிக்கலாம்தான். ஆனா விஷயம் என்னன்னா, நகம் ஒரே வேகத்துல நகர்ற காகிதம் மாதிரி. உடம்புல ஏதாவது நடந்தா அதுல பதிவாகும். 1846-ல பிரான்ஸ் நாட்டு டாக்டர் போ இதை எழுதினாரு. டைஃபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்தா நகவேர் கொஞ்ச நாள் வேலையை நிறுத்திடும். அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். நின்ன இடத்துல குறுக்கா ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் அடியில இருந்து எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அளந்தா, எத்தனை மாசம் முன்னாடி படுத்தோம்னு சொல்லிடலாம். கொரோனாவுல கடுமையா விழுந்து எழுந்த நிறைய பேருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு இந்தக் கோடு வந்துது. "போ கோடுகள்"னே இன்னைக்கும் பேரு.

வருஷத்தைக் கவனிச்சீங்களா? 1846. டைரியைப் படிக்கக் கத்துக் கொடுத்த அதே வருஷம்தான், அந்த டைரிக்கு மேல நாம போடப்போற திரையோட மூலப்பொருளும் வந்துது.

அந்த டைரியில இன்னும் என்னென்ன எழுதியிருக்கும்?

வெள்ளைப் புள்ளி - இதுல பயப்பட ஒண்ணும் இல்லை. சின்ன வயசுல கொக்குக் கூட்டம் பறந்தா, நகத்தோட நகம் உரசிக்கிட்டு பூ கேட்டுக் கத்துவோமே, அந்தப் பூ. கால்சியம் குறைச்சல்னு பெரியவங்க சொல்லுவாங்க. பெரும்பாலும் அது நகவேர்ல எப்பவோ பட்ட சின்ன அடிதான். கொக்கும் காரணமில்லை, கால்சியமும் காரணமில்லை.

கரண்டி நகம் - நகம் மேல்நோக்கி வளையாம, நடுவுல குழிஞ்சு, ஒரு சொட்டுத் தண்ணி விட்டா வழியாம நிக்கற மாதிரி ஆயிடும். ரொம்ப நாளா இரும்புச் சத்து இல்லாம இருக்கறதோட அடையாளம். ரத்தசோகை இருக்கற எல்லாருக்கும் இது வராது, ஆனா வந்தா அலட்சியம் பண்ணக் கூடாது. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நம்ம நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேலங்க! வெளிறிப் போன நகத்தை ரோஸ் கலர் அடிச்சு ஆரோக்கியமா காட்டிக்கிட்டு எத்தனை பேர் நடமாடறோமோ.

மேளக்குச்சி விரல் - விரல் நுனி உருண்டு, நகம் கிளி மூக்கு மாதிரி வளையும். ஹிப்போக்ரட்டிஸ் காலத்துல இருந்தே டாக்டர்களுக்குத் தெரிஞ்ச அடையாளம். நுரையீரல் நோய், நுரையீரல் புற்று, சில இதய நோய்கள்ல வரும். ஷாம்ராத்னு ஒரு தென்னாப்பிரிக்க இதய டாக்டர், தனக்கே இதயத்துல கிருமித் தொற்று வந்தப்ப தன் விரலையே பார்த்து ஒரு எளிய சோதனையை 1976-ல சொன்னாரு. ரெண்டு கை ஆள்காட்டி விரலையும் நகத்தோட நகம் முதுகு ஒட்டற மாதிரி சேர்த்து வைங்க. நகத்தோட அடிப்பகுதிக்கு நடுவுல வைர வடிவத்துல குட்டியா ஒரு சந்து தெரியணும். தெரிஞ்சா சரி. சந்தே இல்லாம அடைஞ்சிருந்தா டாக்டரைப் பாருங்க. (இப்ப எல்லாரும் விரலைச் சேர்த்துப் பார்த்திருப்பீங்களே!)

கறுப்புக் கோடு - இதுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் கத்தினதே. நம்மள மாதிரி மாநிறம், கறுப்பு நிறக்காரங்களுக்கு நகத்துல நெடுக்கா பழுப்புக் கோடுகள் இருக்கறது சகஜம். பல விரல்ல இருக்கும், வருஷக்கணக்கா அப்படியே இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒரே ஒரு விரல்ல, முக்கியமா கட்டைவிரல்லயோ கால் பெருவிரல்லயோ, புதுசா ஒரு கோடு வந்து, அகலமாகிக்கிட்டே போனா, அந்தக் கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவினா... அது மெலனோமாங்கற தோல் புற்றா இருக்கலாம். வெள்ளைக்காரங்களுக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் படற தோல்ல வரும். நமக்கு வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இந்த மாதிரி இடங்கள்லதான் அதிகமா வரும்.

பாப் மார்லியைத் தெரியாதவங்க உண்டா? அவருக்கு வந்தது இதுதான். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில. ஃபுட்பால் ஆடறப்ப பட்ட அடின்னு முதல்ல நினைச்சாங்க. 1977-ல புற்றுன்னு தெரிஞ்சுது, 1981 மே 11-ல போய்ச் சேர்ந்துட்டாரு. வயசு 36. நகத்தால கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க? இது நிஜமாவே நகத்துலயே கிள்ளி எறியக்கூடிய கட்டத்துல கண்ணுக்குத் தெரியற புற்று. சீக்கிரம் பார்த்தா பிழைச்சுக்கலாம். பார்க்கணுமே.

ஆஸ்பத்திரியில ஏன் எடுக்கச் சொல்றாங்க?

ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸம்மா பஞ்சும் ரிமூவரும் எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. "கல்யாணத்துக்குப் போட்டது சிஸ்டர்"னு கெஞ்சினாலும் விடமாட்டாங்க. விரல்ல கிளிப் மாதிரி மாட்டி ஆக்சிஜன் அளக்கறாங்களே, அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியா அனுப்பிப் பார்க்கற கருவி. தக்குவோ அவோயாகிங்கற ஜப்பான் பொறியாளர் 1974-ல கண்டுபிடிச்ச முறை. கறுப்பு, நீலம் மாதிரி அடர் நிறப் பூச்சு இருந்தா அளவு கொஞ்சம் தப்பாகலாம். அது மட்டுமில்லை, கருவியே இல்லாம டாக்டருங்க கண்ணால பார்க்கறதும் அங்கதான். நகத்தை அழுத்தி விட்டா வெளுத்துப் போய் ரெண்டு நொடியில திரும்ப ரோஸ் ஆகணும். நகம் நீலம் பாரிச்சா ஆக்சிஜன் குறையுது. அடியில எதுவும் தெரியாத பூச்சுன்னு ரெவ்லான் கதையில சொன்னேனே, அது இங்கதான் வந்து நிக்குது. சாதாரணப் பாலிஷை ஒரு நிமிஷத்துல துடைச்சிடலாம். ஜெல்லும் அக்ரிலிக்கும் அவசரத்துக்கு வராது.

அப்ப என்னதான் பண்றது?

பாலிஷை விடச் சொல்லலை. ஐயாயிரம் வருஷமா மனுஷங்களுக்கு இருக்கற ஆசை அது. நாள் பூரா பாத்திரமும் கம்ப்யூட்டரும் தட்டற கையில பத்து சின்னச் சின்னப் புள்ளியா கலர் வச்சுப் பார்க்கறதுல என்ன தப்பு? கண்ணாடி இல்லாம நாமளே பார்த்து ரசிக்கக்கூடிய அலங்காரம் வேற எது இருக்கு, சொல்லுங்க!

பழசைத் துடைச்ச உடனே அடுத்த கோட் அடிக்கறதை மட்டும் நிறுத்துங்க. நடுவுல ரெண்டு மூணு நாள் சும்மா விடுங்க. துடைச்சதும் ஜன்னல் வெளிச்சத்துல பத்து விரலையும் பாருங்க, காலையும் சேர்த்து இருபது. புதுசா கோடு, குழி, நிறம் ஏதாவது இருந்தா செல்ஃபோன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த மாசம் ஒப்பிட்டுப் பாருங்க. மாறியிருந்தா தோல் டாக்டர்கிட்ட போங்க. மெடிக்கல் ஷாப்ல களிம்பு வாங்கித் தடவிக்கிட்டு இருக்காதீங்க.

ஆம்பளைங்களே, சிரிக்காதீங்க. உங்க நகத்துல பாலிஷே இல்லை, திரையும் இல்லை, ஆனா கடைசியா எப்பப் பார்த்தீங்க? ஷூவும் சாக்ஸும்தான் உங்க பாலிஷ். சர்க்கரை இருக்கறவங்களுக்குக் காலுல அடிபட்டாலே உறைக்காது, அவங்க தினமும் பார்க்கணும். குனிய முடியாத அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி காலை நீங்க பாருங்க. அவங்களுக்கு நகம் வெட்டி விடற பத்து நிமிஷம் வேற எந்தச் செக்கப்புக்கும் குறைஞ்சதில்லை. பகல்லயே வெட்டுங்க. ராத்திரி நகம் வெட்டினா லட்சுமி போயிடுவாளாங்கறது இருக்கட்டும், வெளிச்சம் பத்தாதுல்ல!

அம்புட்டுத்தான். எங்க, கையை நீட்டுங்க பார்ப்போம் :-)